வானொலி மன்றத்தின் சாவி மாணவர் கையில் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிகளில் முதலாண்டு மாணவர்கள் சேர்ந்து, எந்த மன்றத்தில் பெயர் கொடுப்பது என்று அறிவிப்புப் பலகைகளின் முன் நின்று யோசிக்கும் பருவம் இது. நாட்டு நலப்பணித் திட்டம், தேசிய மாணவர் படை, தமிழ் மன்றம், ரோபோ மன்றம் என்று நீளும் பட்டியலின் கடைசியில், சில கல்லூரிகளில் மட்டும், அமெச்சூர் வானொலி மன்றம் என்று ஒரு வரியும் இருக்கும். உரிமம் பெற்ற ஆர்வலர்கள் தங்கள் சொந்த வானொலிக் கருவிகளால் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் பொழுதுபோக்கு இது. ஹாம் ரேடியோ என்று பரவலாக அறியப்படும் இதனை வானொலி அறிவிப்பாளர் ஆவதற்கான பயிற்சி என்று நினைத்துக்கொண்டு பெயர் கொடுப்பவர்களும் உண்டு. 1988-இல் நான் அப்படித்தான் கொடுத்தேன்.

மைக் கிடைக்கும் என்று போன எனக்கு அங்கே கிடைத்தவை ஒரு ஹெட்போனும் கோடு போட்ட ஒரு நோட்டும்தான். மின்னணுவியல் துறையின் மொட்டைமாடிப் படிக்கட்டுக்குக் கீழே இருந்த அந்தச் சிறிய அறையில், முதல் மூன்று மாதங்களும் காதால் கேட்டதை எழுதுவது மட்டுமே வேலை. நேரம், அதிர்வெண், பேசுபவரின் கால் சைன் எனப்படும் அழைப்புக் குறி, ஒலியின் தெளிவு, வலிமை ஆகிய ஐந்தையும் ஒவ்வொரு வரியிலும் பதிய வேண்டும். சீனியர் ஒருவர் வாரக் கடைசியில் நோட்டை வாங்கிப் பார்த்து, தவறாகக் கேட்ட எழுத்துகளின் கீழ் சிவப்பு மையில் கோடிடுவார். அலுப்பான வேலைதான். ஆனால் பகலில் சில நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள நிலையங்கள் மட்டுமே கேட்கும் 7 மெகாஹெர்ட்ஸ் பகுதியில், பொழுது சாயச் சாய எங்கெங்கோ இருந்து குரல்கள் எழுந்துவருவதை அந்த நோட்டின் பக்கங்களிலேயே பார்க்க முடிந்தது. பகலில் இந்த அலைகளை உறிஞ்சிக்கொள்ளும் அயனி மண்டலத்தின் கீழடுக்கு, கதிரவன் மறைந்ததும் வலுவிழந்துவிடுகிறது. மேலடுக்கில் பட்டுத் திரும்பும் அலைகள் தடையின்றித் தொலைதூரம் செல்கின்றன. இதனைப் பாடநூலில் படித்துத் தேர்வும் எழுதியிருந்தேன். ஆனாலும் ஒரு மாலை, இரைச்சலுக்கு நடுவே 4எஸ்7 என்று தொடங்கும் இலங்கை அழைப்புக் குறி ஒன்று காதில் விழுந்தபோதுதான் அந்தப் பாடம் எனக்கு உண்மையாயிற்று.

ஆன்டெனாவையும் நாங்களே கட்டினோம். 7 மெகாஹெர்ட்ஸின் அலைநீளம் ஏறத்தாழ 40 மீட்டர். அதில் பாதி, அதாவது 20 மீட்டர் செம்புக் கம்பியை நடுவில் வெட்டி, பக்கத்துக்கு 10 மீட்டராக இழுத்துக் கட்டினால் டைப்போல் தயார். கம்பியைச் சற்று நீளமாகவே வைத்துக்கொண்டு, மேலே ஏற்றி, மீட்டரைப் பார்த்து, மறுபடி இறக்கி, இரு முனைகளிலும் இரண்டிரண்டு விரற்கடையாக நறுக்கிக்கொண்டே வருவோம். அவசரப்பட்டு ஒருமுறை ஒரு முழம் நறுக்கிவிட்டு, அந்தத் துண்டையே திரும்பப் பற்றவைத்தவன் நான். பட்டறையில் ஈயம் வைக்கக் கற்றுக்கொண்டதைவிட, தண்ணீர்த் தொட்டியின் மேல் உட்கார்ந்து காற்றில் ஆடும் கம்பிக்கு ஈயம் வைத்தபோது கற்றுக்கொண்டதே அதிகம்.

பேச வேண்டுமானால் உரிமம் வேண்டும். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் கீழ் நடத்தப்படும் தேர்வில் வானொலிக் கோட்பாடும் விதிமுறைகளும் கேட்கப்படும். 12 வயது நிறைந்த எவரும் எழுதலாம். அன்று இரண்டாம் நிலைச் சான்றிதழுக்கே நிமிடத்துக்கு 5 சொற்கள் வேகத்தில் மோர்ஸ் குறியீட்டைக் கேட்டு எழுதவும் தட்டி அனுப்பவும் தெரிய வேண்டும். பேருந்தில் போகும்போது எதிரே வரும் வண்டிகளின் பதிவெண்களையெல்லாம் டிட், டா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே போவோம். பக்கத்து இருக்கைக்காரர் நகர்ந்து உட்காருவார். இப்போதுள்ள தொடக்கநிலைச் சான்றிதழுக்கு மோர்ஸ் தேவையில்லை என்பதால், முதலாண்டு மாணவர் ஒருவர் ஓரிரு மாதம் முறையாகப் படித்தாலே தேர்வுக்குத் தயாராகிவிடலாம். வணிகப் பேச்சும் மறைகுறிச் செய்தியும் அமெச்சூர் அலைவரிசையில் கூடாது. இணையக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் கையடக்கக் கருவிகளை வாங்கி, உரிமம் இல்லாமல் பேசிப் பார்ப்பது சட்டப்படி குற்றம் என்பதையும் மாணவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிட வேண்டும். ஒழுங்காக நடக்கும் மன்றத்தில் அதுதான் முதல் பாடம்.

இந்தத் துறை நமக்குப் புதியதன்று. இந்தியாவில் வானொலி ஒலிபரப்பு அரசின் கைக்கு வருவதற்கு முன்பே, 1924-இல், சென்னையில் கிருஷ்ணசாமி செட்டி என்ற ஆர்வலரின் முயற்சியால் மதராஸ் மாகாண வானொலி மன்றம் தொடங்கப்பட்டு, அவ்வாண்டு ஜூலை 31 அன்று ஒலிபரப்பையும் தொடங்கியது. பணமுடையால் 1927-இல் அது நின்றபோது, மன்றத்தின் ஒலிபரப்புக் கருவி சென்னை மாநகராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டது. 1930-இல் மாநகராட்சியே ஒலிபரப்பு நடத்தியது. நூறாண்டுகளுக்கு முன் தனி மனிதர்கள் சிலர் கூடிச் செய்ததை, ஆய்வகமும் மொட்டைமாடியும் ஆயிரக்கணக்கில் மாணவரும் உள்ள ஒரு கல்லூரியால் செய்ய முடியாது என்றால் நம்புவது கடினம்.

செய்ய முடியாமற்போவதற்கு நான் கண்ட காரணம் பணமும் அன்று, ஆர்வமும் அன்று. படிப்பு முடிந்து சில ஆண்டுகளுக்குப் பிறகு என் கல்லூரிக்குப் போயிருந்தேன். முன்னாள் மாணவர்கள் பணம் சேர்த்து வாங்கிக் கொடுத்த டிரான்சீவர், அதாவது பேசவும் கேட்கவும் உதவும் வானொலிக் கருவி, எங்கள் நாளில் கனவிலும் காணாத கருவி, கண்ணாடி பீரோவுக்குள் பெயர்ச்சீட்டுடன் இருந்தது. படிக்கட்டு அறை பூட்டிக் கிடந்தது. ஆய்வக உதவியாளர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "சாவி எச்.ஓ.டி. அறையில இருக்கு தம்பி. இன்ஸ்பெக்ஷன் வந்தாத்தான் திறக்கிறது" என்றார். மாலை ஆறு மணிக்குக் கட்டடத்தைப் பூட்டிவிடுவார்களாம். 7 மெகாஹெர்ட்ஸ் விழித்துக்கொள்ளும் நேரத்தில் அறைக்குப் பூட்டு! இடி விழும் என்ற அச்சத்தில் ஆன்டெனாவையும் கழற்றியிருந்தார்கள். முறையாக நிலத்தொடர்பு கொடுத்து, மழைக்காலத்தில் இணைப்பை உருவிவைத்தால் தீரும் சிக்கலுக்கு, கம்பியையே அவிழ்த்துவிடுவது எளிய தீர்வாகப் பட்டிருக்கிறது. ஆண்டறிக்கையில் மட்டும் மன்றத்தின் பெயர் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

இதுபோன்ற மன்றங்களுக்கு ஆதரவு கேட்பவர்கள் வழக்கமாகப் பேரிடர் காலப் பயனை முன்வைப்பார்கள். அது உண்மைதான். கைப்பேசிக் கோபுரத்துக்கு மின்சாரமும் வேண்டும், அதனை மற்றக் கோபுரங்களோடு இணைக்கும் இழைக்கம்பியும் வேண்டும். 2015 டிசம்பரில் சென்னையிலும் 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பின் காவிரிப் படுகையிலும் கைப்பேசி வெறும் விளக்காகிப்போனதை நாம் பார்த்தோம். ஹாம் நிலையத்துக்கோ ஒரு கார் பேட்டரியும் 20 மீட்டர் கம்பியும் போதும். ஆனால் புயல் எச்சரிக்கை வந்த பிறகு பீரோவைத் திறந்து கருவியை எடுப்பதால் ஒரு பயனும் இல்லை என்பதை இந்த வாதம் மறைத்துவிடுகிறது. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாம் ஆர்வலர் தம் குழுவினருடன் போர்ட் பிளேரில் இருந்தது பேரிடர்ப் பணிக்காக அன்று. பல ஆண்டுகளாக அமெச்சூர் வானொலி ஒலிக்காதிருந்த அந்தமானிலிருந்து உலகெங்கும் உள்ள ஹாம்களோடு பேசும் பொழுதுபோக்கு முயற்சிக்காக. வியு4ஆர்பிஐ என்ற அவர்களது அழைப்புக் குறியைப் பிடிக்கப் பல நாடுகளிலும் ஹாம்கள் காத்திருந்தார்கள். டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கித் தொடர்புகள் அறுந்தபோது, ஆன்டெனா ஏற்கெனவே மேலே இருந்தது, இயக்கத் தெரிந்த கைகள் ஏற்கெனவே பழகியிருந்தன. அதனால்தான் உறவினரைத் தேடிய குடும்பங்களுக்கான செய்திகளை அவர்களால் பெருநிலத்துக்கு அனுப்ப முடிந்தது. விளையாட்டாகப் பழகியவர்களால்தான் வினையிலும் உதவ முடிந்தது. ஆகவே பேரிடரைச் சொல்லி மன்றம் கேட்பதைவிட, சாதாரண செவ்வாய்க்கிழமை மாலையிலும் திறந்திருக்கும் மன்றத்தைக் கேட்பதே சரி என்பது என் எண்ணம்.

அப்படித் திறந்திருக்கும் ஒரு மன்றத்தைச் சென்ற ஆண்டு பார்த்தேன். என் தங்கை மகள் படிக்கும் கலை அறிவியல் கல்லூரியில், இயற்பியல் ஆசிரியை ஒருவர் தாமே தேர்வெழுதி உரிமம் பெற்று மாணவியரைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார். "மாமா, ஒரு நாள் வந்து பாருங்களேன்" என்று அவள் அழைத்ததால் போனேன். வீட்டுக் குழாய் வேலைக்கு வாங்கும் பிவிசி குழாயில், எஃகு அளவு நாடாவை வெட்டி மூன்று துண்டுகளாகப் பொருத்தி, நடுத்துண்டின் மஞ்சள் வண்ணத்தைச் சுரண்டி ஈயம் வைத்து, ஒரு திசையை நோக்கிப் பிடித்துக் கேட்கும் யாகி ஆன்டெனா ஒன்றைச் செய்திருந்தார்கள். சர்வதேச விண்வெளி நிலையம் சில நாட்களில் படங்களை ஒலியாக மாற்றி 145.800 மெகாஹெர்ட்ஸில் அனுப்புவதுண்டு. அன்று அத்தகைய நாள். நிலையம் அடிவானில் எழுந்து மறையப் பத்து நிமிடமே ஆகும். ஒருத்தி ஆன்டெனாவைக் கையில் பிடித்து வானத்தில் மெல்லத் திருப்ப, இன்னொருத்தி நிலையத்தின் வேகத்தால் அதிர்வெண் மாறுவதற்கு ஏற்பக் கருவியைத் திருத்திக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரிலிருந்து வந்த கீச்சொலிக்கு எதிரே கைப்பேசியை வைத்ததும், திரையில் ஒவ்வொரு கோடாகப் படம் இறங்கத் தொடங்கியது. ஏறக்குறைய இரண்டு நிமிடங்கள் யாரும் பேசவில்லை. பாதிப் படத்தில் ஆன்டெனா பிடித்தவளின் கை வலித்துச் சற்றுத் தாழ, படத்தின் குறுக்கே புள்ளி மழையாக ஒரு பட்டை விழுந்தது. அவள் வரலாற்றுத் துறை மாணவி என்று பிறகு அறிந்தேன். அந்தப் பட்டையுடனேயே படத்தை அச்செடுத்து மன்றத்தின் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள்.

மாணவர் முயற்சி இத்துறையில் எதுவரை போகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி6 சுமந்து சென்ற ஹாம்சாட், உலக அமெச்சூர் வானொலியாளர்களுக்கென்றே இஸ்ரோ அனுப்பிய 42.5 கிலோ செயற்கைக்கோள். தரையிலிருந்து வரும் சைகையை வாங்கித் திருப்பி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர்கள் அதில் இரண்டு இருந்தன; அவற்றில் ஒன்றை வடிவமைத்தவர் வில்லியம் லெய்ஜெனார் என்ற நெதர்லாந்துப் பொறியியல் மாணவர். 2009-இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசாட்டும், 2011-இல் எஸ்ஆர்எம்சாட்டும், 2016-இல் சத்தியபாமாசாட்டும் என மாணவர் செயற்கைக்கோள்கள் விண்ணுக்குச் சென்றன. இன்றும், 2018-இல் ஏவப்பட்ட கத்தார் நாட்டின் எஸ்ஹைல்-2 செயற்கைக்கோளில் உள்ள அமெச்சூர் டிரான்ஸ்பாண்டரின் சைகையை, வீட்டு மாடியில் சும்மா கிடக்கும் டிஷ் ஒன்றையும் கணினியில் செருகும் சிறிய ரிசீவர் ஒன்றையும் கொண்டே நம்மூரில் கேட்கலாம். பெரிய நிதி ஒதுக்கீடு இதற்கு வேண்டியதில்லை.

வேண்டியவை வேறு. விதிகளின்படி கல்லூரி தன் பெயரிலேயே நிலைய உரிமம் பெறலாம். அதற்கு உரிமம் பெற்ற ஆசிரியர் ஒருவர் பொறுப்பில் இருந்தால், மாணவர்கள் ஆண்டுதோறும் வந்து போனாலும் மன்றம் நிற்கும். மாணவர் ஆர்வத்தால் மட்டுமே நடக்கும் மன்றம் அந்த மாணவரின் பட்டமளிப்பு விழாவோடு முடிந்துவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ஆகவே ஓர் ஆசிரியரைத் தேர்வெழுத அனுப்பி, அதற்காகும் நாட்களைப் பணி நாட்களாகக் கணக்கிட வேண்டும். மொட்டைமாடியில் கம்பி கட்ட அனுமதிக்க வேண்டும். எட்டு மணி வரையேனும் அறை திறந்திருக்க வேண்டும். சாவிக்குப் பொறுப்பேற்க இரண்டு மாணவர்களைக் கையெழுத்திட்டு நியமிப்பது பெரிய காரியமன்று. மின்னணுவியல் துறையினர் மட்டுமே சேரலாம் என்ற எழுதாத விதியையும் எடுத்துவிட வேண்டும். இதையெல்லாம் செய்ய மனமில்லாத கல்லூரி, அறிவிப்புப் பலகையிலிருந்து அந்த ஒரு வரியை அழித்துவிட்டால் முதலாண்டு மாணவர்கள் ஏமாறாமலாவது இருப்பார்கள்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். அமெச்சூர் வானொலித் தேர்வுக்கான அறிவிப்பு வரும்போது, விண்ணப்பிக்க வேண்டிய முறையையும் கடைசி நாளையும் தங்கள் கல்விப் பக்கத்தில் ஒரு சிறு பெட்டிச் செய்தியாகவேனும் வெளியிட வேண்டுகிறேன். என் தங்கை மகளின் மன்றத்தில் அடுத்த தேர்வுக்காகக் காத்திருக்கும் ஆறு பேரில் வரலாற்றுத் துறை மாணவியும் ஒருத்தி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொலைத்தொடர்புப் பொறியாளர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.