போர்ட்டின் பறக்கும் படகுகளை மறந்துவிட்டீர்களே

ஆசிரியர் அவர்களுக்கு,

முதல் உலகப் போர் விமானங்கள் பற்றிய உங்கள் கட்டுரையில் பறக்கும் படகுகளுக்கு (படகு போன்ற உடலோடு தண்ணீரிலிருந்தே எழும்பி, தண்ணீரிலேயே இறங்கும் விமானங்கள்) ஒரு வரிகூட இல்லாதது வருத்தமாக இருக்கிறது. 1914-இல் அட்லாண்டிக்கைக் கடப்பதற்காக அமெரிக்காவில் விமானத் தயாரிப்பாளர் கர்டிஸ் கட்டிய படகை ஓட்ட இருந்த, பிரிட்டிஷ் கடற்படையின் முன்னாள் அதிகாரி ஜான் போர்ட், போர் வந்ததும் இங்கிலாந்து திரும்பி அதே வகைப் படகுகளைக் கடற்படையை வாங்க வைத்தார். ஆனால் கடல் அலையில் அவற்றின் அடிப்பாகம் தாங்கவில்லை. அப்புறம் இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலுள்ள ஃபெலிக்ஸ்டோவில் உட்கார்ந்து, அடிப்பாகத்தைப் படிக்கட்டு போல வெட்டி, தண்ணீர் இழுத்துப் பிடிக்காமல் சட்டென்று எழும்பும்படி மாற்றி மாற்றிச் செய்து பார்த்தார். அப்படிப் பிறந்த எஃப்.2ஏ என்ற பறக்கும் படகு, வட கடல் மேல் ஆறு மணி நேரம் சுற்றி ஜெர்மன் நீர்மூழ்கிகளைத் தேடியது. காசநோயோடு இவ்வளவும் செய்த மனிதர் 1919-இல் இறந்துபோனார். அவருக்காகத் தனியாக அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள் சார்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்