பம்ப்ப மறுபடியும் மாத்த வேண்டாம், ட்ரெய்லர்ல நீங்க மாட்டின தண்ணி டேங்க கழட்டி ஒழுங்கா மாட்டிக் கொடுங்க

வாடிக்கையாளர் சேவை மேனேஜர் அவர்களுக்கு,

வணக்கம் சார். என் கேம்பிங் ட்ரெய்லருக்கு 100 லிட்டர் தண்ணி டேங்க், 12 வோல்ட் பம்ப், பைப்லைன், உள்ள ஒரு சிங்க், வெளிய ஒரு குழாய்னு முழு செட்டப்பும் உங்க கம்பெனிதான் அளவெடுத்து செஞ்சு மாட்டிக் கொடுத்துச்சு. பணம் பாக்கி இல்லாம கட்டியாச்சு. மாட்டின நாள்ல இருந்து தண்ணி ஒழுங்கா வரல, புகார் சொன்னா ஒவ்வொரு தடவையும் பம்ப்பதான் மாத்துறீங்க. நேத்தும் உங்க சர்வீஸ்ல இருந்து ஒரு தம்பி போன் பண்ணி "வாரண்டி இருக்கு சார், வேற பம்ப் போட்டுத் தர்றோம்"னு மரியாதையாத்தான் சொன்னாரு, அவர் மேல எனக்கு எந்த வருத்தமும் இல்ல. ஆனா பம்ப் கெட்டுப் போகவே இல்ல சார். இப்ப இருக்குறதும் நல்ல பம்ப், நீங்க கழட்டிட்டுப் போனதும் நல்ல பம்ப்தான். டேங்க மாட்டின விதம் தப்பு, அத ஒருத்தரும் பாக்க மாட்டேங்குறாங்க, அதனாலதான் போன்ல பேசுறத விட்டுட்டு எல்லாத்தையும் எழுதியே அனுப்புறேன்.

என்ன நடக்குதுன்னா, பம்ப் போட்டதும் முதல்ல நல்ல ஃபோர்ஸா வரும், கொஞ்ச நேரத்துல தண்ணி மெலிஞ்சு நூல் மாதிரி ஆகிடும், பம்ப் சத்தம் மட்டும் கனமா மாறி உறுமிக்கிட்டே இருக்கும், கை வச்சா சூடா இருக்கும். ப்ரஷர் 45 பிஎஸ்ஐ அளவு வந்தா தானா கட் ஆகணும்னு பம்ப் மேலயே ஒட்டியிருக்கு, குழாய மூடினாலும் அது கட் ஆகறதில்ல, ஏன்னா ப்ரஷரே ஏறல. உங்க மெக்கானிக் சொன்ன காரணம் டயாபிராம், அதான் பம்ப்புக்குள்ள தண்ணிய தள்ளுற ரப்பர் தகடு, போயிருக்கும், இல்லன்னா வோல்டேஜ் பத்தல. வோல்டேஜ நானே மீட்டர் வச்சுப் பாத்தேன், பேட்டரியில 12.6 இருக்கும்போது பம்ப் ஓடுற நேரத்துல பம்ப் முனையில 12.1 காட்டுது, அரை வோல்ட்தான் குறையுது, அது ஒண்ணும் பெருசில்ல. வயர் வேலைய நான் குறை சொல்ல மாட்டேன், கனமான வயர் போட்டு ஃப்யூஸும் பேட்டரி பக்கத்துலயே வச்சு சுத்தமா பண்ணியிருக்கீங்க.

அப்புறம்தான் ஒரு நாள் தண்ணி நின்னு போன அந்த நேரத்துலயே, பம்ப்ப ஆஃப் பண்ணிட்டு, ட்ரெய்லருக்குள்ள டேங்க மூடியிருக்குற பின் சீட்டு பலகைக்கும் செவுத்துக்கும் நடுவுல இருக்குற இடுக்கு வழியா டார்ச் அடிச்சுப் பாத்தேன். டேங்கோட மேல்பக்கம் நடுவுல நல்லா குழிஞ்சு உள்ள வாங்கி இருந்துச்சு. வெளிய போய் தண்ணி நிரப்புற வாயோட மூடிய லேசா திருகினேன், உஸ்ஸ்ஸ்னு காத்து உள்ள இழுத்துச்சு, உள்ள இருந்து டொம்முன்னு ஒரு சத்தம், திரும்ப வந்து பாத்தா டேங்க் பழையபடி நிமிர்ந்திருக்கு. மூடிய திறந்தே வச்சு பம்ப்ப போட்டேன், அதே பம்ப், அதே வயர், தண்ணி பாய்ஞ்சு வருது. இதுக்கு மேல ஆதாரம் என்ன சார் வேணும், வீடியோவும் எடுத்து இதோட அனுப்பியிருக்கேன், தயவு செஞ்சு சத்தத்தோட போட்டுப் பாருங்க.

டேங்க்ல இருந்து ஒரு நிமிஷத்துக்கு 10 லிட்டர் தண்ணி வெளிய போனா அதே 10 லிட்டர் காத்து உள்ள வந்தாகணும், இது உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டிய விஷயம் இல்ல. காத்து வர வழி இல்லன்னா பம்ப் தண்ணியோட சேத்து டேங்கையே உறிஞ்சும். உங்க டேங்க் 1 மீட்டருக்கு அரை மீட்டர், 20 சென்டிமீட்டர் உயரம், தட்டையானது. உள்ள காத்தழுத்தம் வெறும் 2 சதவீதம் குறைஞ்சாலே அந்த அரை சதுர மீட்டர் பரப்பு மேல கிட்டத்தட்ட 100 கிலோ பாரம் இறங்கும். இப்படியே குழிஞ்சு நிமிர்ந்து குழிஞ்சு நிமிர்ந்து இருந்தா மூலை எத்தன நாளைக்கு விரிசல் விடாம இருக்கும்?

காத்து ட்யூப் வைக்கலையான்னு கேட்டா வச்சிருக்கீங்க. 6 மில்லிமீட்டர் அளவுல மெல்லிசா, மெத்துமெத்துன்னு ஒரு ட்யூப், டேங்கோட மேல் மூலையில இருந்து கிளம்பி மரச்சட்டம் மேல ஏறி செவுரு வழியா வெளிய போகுது. சீட்டு பலகைய மூடி ஸ்க்ரூ போட்டா பலகையோட விளிம்பு சரியா அந்த ட்யூப் மேல உக்காந்து அத சப்பையா நசுக்கிடுது. பலகைய கழட்டினா ட்யூப் திரும்ப விரிஞ்சுக்குது. இப்ப புரியுதா சார் உங்க வொர்க்‌ஷாப்ல மட்டும் ஏன் எப்பவும் நல்லா ஓடுதுன்னு? உங்க ஆளுங்க முதல் வேலையா பலகைய கழட்டி வச்சிட்டுத்தான் டெஸ்ட் பண்றாங்க, "எல்லாம் ஓகே"ன்னு எழுதிட்டு சந்தேகத்துக்கு ஒரு பம்ப்பையும் மாத்திட்டு பலகைய மூடி அனுப்புறாங்க. ட்யூப்போட அந்த இடத்துல வெள்ளையா ஒரு மடிப்புக் கோடே விழுந்திருக்கு, விரல் வச்சு தடவினா தெரியும், போட்டோ அனுப்பியிருக்கேன். தண்ணி நிரப்பும்போது வாய் வழியா எதிர்த்து அடிச்சு நம்ம மேலயே கொட்டுறதுக்கும் இதுதான் காரணம், உள்ள இருக்குற காத்து போக வேற வழி இல்லாம தண்ணிய தள்ளிக்கிட்டு அதே வாய் வழியா வருது.

இதெல்லாம் கூட தண்ணி வரல, எரிச்சலா இருக்குங்கற அளவுதான். எனக்கு உண்மையிலேயே பயமா இருக்குறது டேங்க் இருக்குற இடம்.

நாம ரெண்டு பேரும் கையெழுத்து போட்ட டிராயிங்ல டேங்க் ஆக்ஸிலுக்கு, அதாவது சக்கரத்தோட அச்சுக்கு, நேர் மேல, கொஞ்சம் முன்பக்கமா இருக்கு. நீங்க மாட்டியிருக்குறது பின் சீட்டுக்கு அடியில. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல, வண்டிய எடுக்க வந்தப்போ "பின்னாடி இடம் வாகா இருந்துச்சு சார்"னு சொன்னதோட சரி. நான் டேப் வச்சு அளந்தேன், டேங்கோட நடு சென்டர் ஆக்ஸிலுக்கு ஒன்றரை மீட்டர் பின்னாடி இருக்கு, ஆக்ஸில்ல இருந்து, இழுக்குற வண்டியில மாட்டுற முன் கொக்கி 3 மீட்டர். 100 லிட்டர் தண்ணின்னா 100 கிலோ. அந்த 100 கிலோ பின்னாடி உக்காந்தா முன் கொக்கியில இறங்குற வெயிட்டுல 50 கிலோவ தூக்கிடும், 100ஐ ஒன்றரையால பெருக்கி மூணால வகுத்தா வர்ற சாதாரண கணக்கு இது. தண்ணி இல்லாம சாமானோட என் ட்ரெய்லர் 1000 கிலோ, கொக்கியில 110 கிலோ, அதாவது 11 சதவீதம், வண்டியோட கொடுத்த புக்ல சொல்ற 10 முதல் 15 சதவீதத்துக்குள்ள சரியா இருக்கு. டேங்க நிரப்பினா மொத்தம் 1100 ஆகுது, கொக்கியில 60தான் மிச்சம், அஞ்சரை சதவீதத்துக்கும் கீழ போயிடுது. முன்பக்கம் வெயிட் இல்லாத ட்ரெய்லர் வேகத்துல பாம்பு மாதிரி ஆடும்னு இந்தத் தொழில்ல இருக்குற எல்லாருக்கும் தெரியும். எனக்கு ஆடிச்சு சார். ஒரு இறக்கத்துல, பெரிய லாரி ஒண்ணு பக்கத்துல கடந்து போன காத்துல ட்ரெய்லர் இடமும் வலமும் இழுக்க ஆரம்பிச்சுது, இழுக்குற வண்டியோட பின் சீட்டுல குழந்தைங்க, பக்கத்துல என் மனைவி, ஆக்ஸிலேட்டர்ல இருந்து கால எடுத்து ஸ்டியரிங்க நேரா பிடிச்சு மெதுவா வேகம் குறைஞ்சு வந்து நின்னப்பறமும் கை நடுக்கம் போகல. அன்னைல இருந்து காலி டேங்கோடதான் வண்டிய இழுக்குறேன். 100 லிட்டர் டேங்க் வாங்கிட்டு அதுல தண்ணி எடுத்துட்டுப் போக முடியலன்னா அப்புறம் எதுக்கு சார் இந்த செட்டப், தண்ணி கிடைக்காத இடத்துல போய் தங்கறதுக்குத்தானே கேட்டது?

டேங்குக்குள்ள தடுப்பு பலகை வேணும்னு ஆர்டர்லயே எழுதியிருக்கு. கை விடுற மூடிய திறந்து பாத்தேன், உள்ள ஒண்ணும் இல்ல, வெறும் டப்பா. பாதி டேங்க் தண்ணியோட ஒரு திருப்பம் எடுத்தா 50 கிலோவும் ஒரே பக்கமா சாயுது, நேராக்கினா மறுபக்கம் அடிக்குது, பின்னாடி இருக்குறதால அந்த ஆட்டம் இன்னும் அதிகமா தெரியுது.

குடிக்கற தண்ணி விஷயம் தனியா சொல்லணும். எங்க வீட்டுல வயசான அம்மா இருக்காங்க, அவங்களும் குழந்தைங்களும் குடிக்கப் போறது இந்தத் தண்ணியத்தான். டேங்க்ல இருந்து பம்ப்புக்குப் போற ட்யூப் குடிதண்ணிக்கான ட்யூபே இல்ல, செடிக்கு தண்ணி ஊத்துற சாதாரண பிவிசி ஹோஸ், குடிதண்ணிக்கு ஏத்ததுன்னு அது மேல ஒரு எழுத்து கூட அச்சடிக்கல. ராத்திரி முழுக்க அதுல நின்ன தண்ணிய காலையில பிடிச்சா பிளாஸ்டிக் வாடை மூக்கத் துளைக்குது, வாயில வச்சா ஒரு மாதிரி கசப்பு. உங்க ஆளுங்க "புது டேங்க் அப்படித்தான் இருக்கும், ப்ளீச் போட்டு கழுவுங்க"ன்னாங்க. வாசனை சேக்காத 5 சதவீத ப்ளீச்ச லிட்டருக்கு 1 மில்லி கணக்குல, 100 லிட்டருக்கு 100 மில்லி கலந்து, எல்லா குழாயிலயும் ப்ளீச் வாடை வர்ற வரைக்கும் ஓட விட்டு, 4 மணி நேரம் வச்சிருந்து அலசி ஊத்தினேன். கிருமியால வர்ற நாத்தமா இருந்தா அதுல போயிருக்கணும், போகல. டேங்க்ல இருந்து நேரா மொண்டு பாத்தா வாடையே இல்ல, குழாயில பிடிச்சாதான் வருது, அப்ப ட்யூப்தானே? இன்னொண்ணு, பம்ப்புக்கு முன்னாடி இருக்குற சின்ன ஃபில்டர கழட்டினா சுருள் சுருளா வெள்ளை பிளாஸ்டிக் சீவல். டேங்க்ல ஓட்டை போட்டப்போ விழுந்தது, கழுவாமலேயே மூடியிருக்கீங்க. குடிக்கற தண்ணி நிக்கிற பாத்திரம் சார் அது.

டேங்க்ல இருந்து தண்ணி வெளிய வர்ற இடத்துல பித்தளை கனெக்டருக்கு டெஃப்லான் டேப்ப கனமா சுத்தி பிளாஸ்டிக் மரைக்குள்ள முறுக்கி ஏத்தியிருக்கீங்க. பித்தளை மரை ஆப்பு மாதிரி உள்ள இறங்கி பிளாஸ்டிக்க பிளந்திடும், அதே மாதிரி முடி அளவுக்கு ஒரு விரிசல் விட்டிருக்கு. பம்ப் நிக்கும்போது அது வழியா தண்ணி கசிஞ்சு அடி பலகை ஊறி கறுத்துப் போச்சு, பம்ப் ஓடும்போது அதே விரிசல் காத்த இழுத்து குழாயில புஸ் புஸ்னு துப்புது. அந்த வாயும் அடியில இருந்து 4 சென்டிமீட்டர் மேல வச்சிருக்கீங்க, அடியில காலி பண்ற வால்வு ஆர்டர்ல இருந்தும் போடல, அப்ப 20 லிட்டர் தண்ணி எப்பவும் உள்ளயே தேங்கி நிக்கும். 100 லிட்டருக்கு காசு வாங்கிட்டு 80 லிட்டர்தான் எடுக்க முடியுது, மிச்சம் அடுத்த தடவை வண்டி எடுக்குற வரைக்கும் நாறிக்கிட்டு கிடக்கு. டேங்க் அளவு காட்டுற மீட்டர் காலியானப்பறமும் முக்கால்னு காட்டுது, அதையும் இதோட பாத்துடுங்க.

நான் கேக்குறது இதுதான். டேங்க கழட்டி டிராயிங்ல இருக்குற இடத்துல, ஆக்ஸில் மேல, அடி முழுக்க சமமான பலகை கொடுத்து, பட்டை போட்டு இறுக்குங்க. அடிக்கடி குழிஞ்ச அந்த டேங்கையே திருப்பி மாட்டாதீங்க, தடுப்பும் அடி வால்வும் உள்ள புது டேங்க் வேணும், அது குடிதண்ணிக்கு ஏத்த பிளாஸ்டிக்தான்னு எழுத்துல கொடுங்க. காத்து ட்யூப்ப கொஞ்சம் பெருசா, நசுங்காத கெட்டி ட்யூபா, டேங்குக்கு மேலயே ஏத்தமா கொண்டு போய் வெளிய முனையில பூச்சி புகாத வலை வைங்க. குடிதண்ணி ட்யூப் போடுங்க, கனெக்டர மாத்துங்க, ஊறின பலகையையும் மாத்துங்க. வேலை முடிஞ்சதும் சீட்டு பலகைய மூடி ஸ்க்ரூ போட்டு, முழு டேங்க் தண்ணியோட கொக்கி வெயிட்ட என் கண் முன்னாடி தராசுல வச்சுக் காட்டுங்க, அப்பதான் வண்டிய எடுப்பேன். இதுக்கு தனியா ஒரு பைசா தர மாட்டேன், இது எல்லாமே ஏற்கனவே ஆர்டர்ல எழுதி காசு வாங்கின வேலை.

செய்ய முடியாதுன்னா அதையும் நேரா சொல்லிடுங்க, முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுங்க, நான் வேற ஆள வச்சு பண்ணிக்கறேன். 14 நாளுக்குள்ள எழுத்துல பதில் வரலன்னா ஆர்டர், டிராயிங், போட்டோ, வீடியோ எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு நுகர்வோர் கோர்ட்டுக்குத்தான் போவேன். இன்னொரு விஷயத்தையும் உங்க ஆளுங்ககிட்ட கேளுங்க, இதே மாதிரி பின் சீட்டுக்கு அடியில வேற யாருக்காவது மாட்டிக் கொடுத்திருந்தா அவங்கள இன்னைக்கே கூப்பிட்டு டேங்க காலி பண்ணிட்டு ஓட்டச் சொல்லுங்க, எனக்கு பதில் எழுதறத விட அது அவசரம்.

வண்டிய எந்த நாள் கொண்டு வரணும்னு முன்கூட்டியே சொல்லுங்க. அடியில தேங்குறதையும் மொண்டு எடுத்துட்டு, டேங்க்ல சொட்டு தண்ணி இல்லாமதான் இழுத்துட்டு வருவேன், அதனால டெஸ்ட்டுக்கு வேண்டிய 100 லிட்டரும் தராசும் உங்க பக்கம் தயாரா இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்க வாடிக்கையாளர்