என் காரின் விளக்கை யாரைக் கேட்டு மாற்றினீர்கள்?

அனுப்புநர்
உங்கள் வாடிக்கையாளர்,
சாய்பாபா காலனி, கோயம்புத்தூர்.

பெறுநர்
தலைவர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
தலைமை அலுவலகம்.

நாள்: 16.12.2024

பொருள்: 11.11.2024 அன்று சர்வீசின்போது சாஃப்ட்வேர் மாற்றியதில் பகல் விளக்கு, ஹெட்லைட், இருக்கை அமைப்புகள் என் அனுமதியின்றி அழிந்துபோனது. பழையபடி சரிசெய்து தரக் கோருவது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் காரை 2023 மார்ச் மாதம் முதல் வைத்திருக்கிறேன். எஞ்சினில் குறை இல்லை. ஏசியில் குறை இல்லை. மைலேஜ் விளம்பரத்தில் சொன்னதைவிடக் குறைவுதான். அந்த எண்ணை நம்பி யாரும் கார் வாங்குவதில்லை என்பதால் அதைப் பற்றி எழுதப் போவதில்லை.

நான் முப்பது ஆண்டுகள் ஒரு நூற்பாலையில் கணக்கு எழுதியவன். எதையும் குறித்து வைப்பது பழக்கம். கார் வீட்டுக்கு வந்த மறுநாளே என் மகன் பக்கத்தில் உட்கார்ந்து திரையில் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, எங்களுக்கு வேண்டியபடி அமைத்து டைரியில் எழுதிக்கொண்டேன். அந்தப் பக்கம் இப்படி இருக்கிறது: "பகல் விளக்கு: வேண்டாம். ஹெட்லைட் உணர்திறன்: அதிகம். வைப்பர் ஓடினால் ஹெட்லைட்: ஆம். கதவுத் திறப்பு: ஓட்டுநர் பக்கம் மட்டும். பூட்டிய பின் விளக்கு: 30 விநாடி. சாவி 1: நான். சாவி 2: அவள்." அதன் நகலை இணைத்திருக்கிறேன்.

நவம்பர் 11ஆம் தேதி 20,000 கிலோமீட்டர் சர்வீசுக்கு விட்டேன். ஜாப் கார்டில் ஆயில், ஃபில்டர், வீல் அலைன்மென்ட் எல்லாவற்றுக்கும் கீழே "சாஃப்ட்வேர் அப்டேட் – ரூ. 0" என்று ஒரு வரி இருந்தது. காசில்லாமல் ஒரு வேலை செய்து கொடுத்திருக்கிறார்கள் என்று மகிழ்ந்துதான் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் காலை ஏழரை மணி. என் மனைவி ஒரு பள்ளியில் ஆசிரியை. நான் ஆறடி, அவர் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. அவரது சாவியால் கதவைத் திறந்தால் இருக்கை தானாக முன்னால் வந்து உயர்ந்து நிற்கும். அந்த வசதிக்காகத்தான் ஒரு படி விலை கூடிய மாடலை வாங்கினோம். அன்று அவர் ஏறி உட்கார்ந்ததும் இருக்கை முனகிக்கொண்டே பின்னால் போனது. போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் அது நின்ற இடத்திலிருந்து அவர் கால் பிரேக்கை எட்டவில்லை. கண்ணாடியில் பார்த்தால் சாலை இல்லை, காரின் கூரை தெரிந்தது. இரண்டு சாவிகளும் ஆள் மாறியிருக்கின்றன. "இந்தக் கார் உங்களுக்கு மட்டும்தான் மரியாதை கொடுக்கிறது, நான் டவுன் பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறேன்" என்று இறங்கிவிட்டார். எங்கள் வீட்டு வாசலில் கார் நின்றிருந்தபோது நடந்ததால் இதைச் சிரித்துக்கொண்டே எழுத முடிகிறது.

அடுத்தது பகல் விளக்கு. அதாவது நீங்கள் டி.ஆர்.எல். என்று சொல்லும், எஞ்சினைக் கிளப்பியதும் பகலிலும் முன்னால் எரியும் அந்த வெள்ளை விளக்கு. எதிரே வந்த ஸ்கூட்டர்காரர் ஒருவர் விரல்களை மடக்கி விரித்துச் சைகை காட்டினார். 2017 ஏப்ரல் முதல் வரும் புதிய இரு சக்கர வாகனங்களில் ஹெட்லைட் எப்போதும் எரிகிறது என்பதால் இப்போது இந்தச் சைகை குறைந்துவிட்டது. ஆனாலும் நம் ஊர்ப் பெரியவர்கள் விடுவதில்லை. அணைத்து வைத்திருந்த விளக்கு எப்படி எரிகிறது என்று திரையில் தேடினேன். "விளக்குகள்" என்ற பக்கத்தில் முன்பு ஐந்து வரிகள் இருந்தன. இப்போது ஒன்றே ஒன்று, காருக்குள் எரியும் அலங்கார விளக்கின் நிறம். அறுபத்து நான்கு நிறங்களில் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாமாம்.

சர்வீஸ் சென்டருக்குப் போனேன். சர்வீஸ் அட்வைசர் நல்ல பிள்ளை. முக்கால் மணி நேரம் என் காருக்குள் உட்கார்ந்து திரையைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "புதிய பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள் சார், இனிமேல் எல்லாம் தானாகவே நடக்கும், நீங்கள் எதையும் தொட வேண்டியதில்லை" என்றார். கையேட்டைப் புரட்டிக் காட்டினேன். அதில் பகல் விளக்கை அணைக்கும் வழி படத்தோடு இருக்கிறது. கீழே பொடி எழுத்தில் "வாகன வகைக்கேற்ப மாறுபடலாம்" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. வாகன வகை மாறவில்லை ஐயா. அதே கார், அதே எண், அதே நான்.

எல்லாம் தானாகவே நடக்கும் என்று உங்கள் ஆள் சொன்னதை நம்பியதன் பலனை நவம்பர் 23ஆம் தேதி பார்த்தேன்.

அன்று குன்னூரில் ஒரு நிச்சயதார்த்தம். மேட்டுப்பாளையத்தில் டீ குடித்துவிட்டு ஏறினோம். பின் இருக்கையில் எண்பது வயது மாமியார். பர்லியார் தாண்டியதும் மழைத் தூறல், அதற்கு மேலே பத்தடி தூரம் தெரியாத மூடுபனி. மாலை நான்கு மணிதான். வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் பனியில் வெள்ளை வெளிச்சம் பட்டுப் பரவியது. டேஷ்போர்டு முழுதும் பளிச்சென்று எரிந்தது. வைப்பர் ஓடினால் ஹெட்லைட் எரியும் என்று நானே அமைத்து வைத்தது. எரிகிறது என்றுதான் நினைத்தேன். பின்னால் ஓர் அரசுப் பேருந்து விடாமல் ஹாரன் அடித்தது. வழி கேட்கிறது என்று எண்ணி ஒதுங்கினேன். அது முந்தவில்லை. ஒரு கொண்டை ஊசி வளைவில் நான் வேகம் குறைத்தபோது அதன் ஹெட்லைட் என் கண்ணாடி முழுதும் நிறைந்தது, பிரேக் அலறியது. மாமியார் முருகா என்றார். அடுத்த டீக்கடை ஓரம் நிறுத்தினேன். பேருந்தும் நின்றது. நடத்துநர் தலையை வெளியே நீட்டி, "பின்னால் லைட்டைப் போடுங்கள் ஐயா, வண்டி இருப்பதே தெரியவில்லை" என்று கத்தினார்.

இறங்கிப் போய்ப் பார்த்தேன். பின்பக்கம் ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்லை. வெள்ளைக் கார், வெள்ளைப் பனி.

நடந்தது என்ன என்பது உங்கள் பொறியாளர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கடிதத்தைப் படிக்கும் மேலாளருக்காக எழுதுகிறேன். பகல் விளக்கு எரியும்போது முன்பக்கம் மட்டும்தான் எரியும். டெயில் லைட் எரியாது. மூடுபனியில் எங்கும் வெள்ளை வெளிச்சம் சிதறிக் கிடப்பதால், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் சென்சார் இதைப் பட்டப்பகல் என்றே எடுத்துக்கொள்ளும். அதனால்தான் உணர்திறனை அதிகத்தில் வைத்து, வைப்பரோடும் இணைத்திருந்தேன். இரண்டையும் நீங்கள் அழித்துவிட்டீர்கள். பகல் விளக்கை நான் அணைத்து வைத்ததற்கும் காரணம் இதுதான். முன்னே இருட்டாக இருந்தால் கை தானாக விளக்குத் திருகுக்குப் போகும். முன்னே ஒளி தெரிந்தால் மனம் ஏமாந்துவிடும்.

டேஷ்போர்டில் ஹெட்லைட்டுக்கான பச்சைச் சின்னம் எரியாததை நான் கவனித்திருக்க வேண்டும் என்று உங்கள் வாடிக்கையாளர் சேவைப் பெண்மணி தொலைபேசியில் சொன்னார். ஒப்புக்கொள்கிறேன், கவனித்திருக்க வேண்டும். ஆனால் கடுகளவு பச்சைப் புள்ளி இல்லாததைப் பனியில் மலை ஏறுகிறவன் கவனிக்க வேண்டும் என்றால், என் காரில் ஐந்து அமைப்புகளை அழித்தவர் அதை ஒரு வரியில் எனக்குச் சொல்லியிருக்கவும் வேண்டும் அல்லவா? அதே பெண்மணி, எல்லாவற்றையும் தொழிற்சாலை நிலைக்கு மாற்றிப் பாருங்கள் என்றும் யோசனை சொன்னார். மாற்றினேன். மிச்சமிருந்த கதவு அமைப்பும் வானொலி நிலையங்களும் போயின. இப்போது நான் பூட்டைத் திறந்தால் நான்கு கதவுகளும் ஒன்றாகத் திறந்துகொள்கின்றன. மின்னஞ்சலுக்கு வந்த பதில்: "உங்கள் மேலான கருத்துக்கு நன்றி." நான் கருத்துச் சொல்லவில்லை ஐயா, புகார் சொன்னேன்.

பகல் விளக்குக்கு நான் எதிரி அல்ல. சுவீடனில் 1977 முதல் பகலிலும் விளக்கோடுதான் ஓட்டுகிறார்கள். ஐரோப்பாவில் 2011 பிப்ரவரி முதல் புதிய கார் மாடல்களில் அது கட்டாயம். ஆனால் நான் மாட்டிக்கொண்ட இதே சிக்கல் கனடாவில் எப்போதோ தெரிந்துவிட்டது. பின்விளக்கு இல்லாமல் இருட்டில் ஓடும் வண்டிகளுக்கு அங்கே ஆவி வாகனங்கள் என்று பொருள்படும் பெயரே வைத்திருக்கிறார்கள். 2021 செப்டம்பர் முதல் அங்கே புதிய வாகனங்களில் பகல் விளக்கோடு டெயில் லைட்டும் எரிய வேண்டும், அல்லது இருட்டினால் விளக்குகள் அனைத்தும் தானாக எரிய வேண்டும், அல்லது டேஷ்போர்டு இருண்டு ஓட்டுநருக்கு உணர்த்த வேண்டும். ஆகவே இது யாரும் எதிர்பாராத கோளாறு என்று தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். நம் மத்திய மோட்டார் வாகன விதி 105-இலும் வெளிச்சம் போதாத எந்த நேரத்திலும் விளக்கு எரிய வேண்டும் என்றுதான் இருக்கிறது. போலீஸ் அபராதம் போட்டால் என் பெயருக்குத்தான் வரும், உங்கள் சாஃப்ட்வேர் பெயருக்கு அல்ல.

ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துவிட்டுப் போகிறோம். திரும்பி வந்து பார்த்தால் வீடு பெருக்கித்தான் இருக்கிறது, ஆனால் அடுப்படியில் உப்பு டப்பா இருந்த இடத்தில் சோடா மாவு இருக்கிறது என்றால் அவர்களுக்கு நன்றி சொல்வோமா?

எனக்கு வேண்டியது இழப்பீடு அல்ல. பகல் விளக்கை அணைக்கும் வசதியும், ஹெட்லைட் உணர்திறனும், வைப்பர் இணைப்பும் திரையில் திரும்ப வர வேண்டும். பகல் விளக்கை அணைக்க விடமாட்டோம் என்பதுதான் உங்கள் கொள்கை என்றால், அதோடு டெயில் லைட்டும் எரியும்படி செய்து கொடுங்கள். நான் வாயை மூடிக்கொள்கிறேன். இரண்டு சாவிகளும் அவரவருக்கே திரும்ப வேண்டும். இனி சாஃப்ட்வேரில் கை வைப்பதற்கு முன்னால் எது மாறும் என்பதைத் தமிழில் ஒரு தாளில் அச்சடித்துக் காட்டி, வேண்டுமா வேண்டாமா என்று கேட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும். இந்தப் பதிப்பை ஏற்றிக்கொண்ட மற்ற கார்க்காரர்களுக்கு, குறிப்பாக நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு பக்கம் ஓட்டுகிறவர்களுக்கு, பின்விளக்கைப் பற்றி உடனே ஒரு குறுஞ்செய்தியாவது அனுப்புங்கள். மற்ற எதற்கும் நான் காத்திருப்பேன், இதற்கு முடியாது.

பதினைந்து நாட்களுக்குள் எழுத்துமூலமான பதில் வராவிட்டால் கோவை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுச் செய்வேன். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குத் தொடரலாம். உங்கள் தலைமை அலுவலகம் தேடி வர வேண்டியதில்லை.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ஜாப் கார்டு நகல், டைரிப் பக்க நகல், கையேட்டின் விளக்குப் பக்கம், திரையின் இப்போதைய புகைப்படம்.

பி.கு.: காரைப் பார்க்க ஆள் அனுப்புவதாக இருந்தால் சனிக்கிழமை அனுப்பவும். மற்ற நாட்களில் அது மாலை ஐந்து வரை என் மனைவியின் பள்ளியில் நிற்கும். வருபவர் இருக்கையைத் தன் உயரத்துக்கு நகர்த்தினால், இறங்கும்போது முன்பு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போகச் சொல்லவும். என் மனைவி தினமும் காலையில் பத்து நிமிடம் செலவழித்துக் கையால் சரிசெய்து வைத்திருக்கிறார்.