வேதக்கோவில் வரலாறும் ஒரு சைவனும்

பருத்தித்துறை

அன்பின் நண்பனுக்கு,

நலம், நலமறிய ஆவல். முழங்கால் வலி முன்பிருந்தபடியே இருக்கிறது. அதைப் பற்றித் தொலைபேசியில் போதிய அளவு முறையிட்டுவிட்டதால் இங்கே விட்டுவிடுகிறேன். எழுத வந்த விடயம் வேறு. உங்கள் வேதக்கோவிலின், அதாவது மெதடிஸ்தத் தேவாலயத்தின், சபைக்காரர் ஒரு சிறு மலர் வெளியிட எண்ணி, அதற்கு வரலாற்றுக் கட்டுரை எழுதித் தரும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். ஆம், திருநீறு பூசாமல் படலையைத் தாண்டாத என்னைத்தான். நான் சைவன் என்பதைப் புதிதாக மாற்றலாகி வந்திருக்கும் முகாமைக் குருவுக்கு நினைவூட்டினேன். அது தெரிந்துதான் கேட்பதாகவும், சபைக்குள் யாரிடம் கொடுத்தாலும் தன் பாட்டனையே கதாநாயகனாக்கிவிடுவார் என்றும் அவர் சொன்னார். மெதடிஸ்த மிசனாரான பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்பில் எங்கள் ஆறுமுக நாவலரே கைகொடுத்திருக்கும்போது, ஒரு கட்டுரைக்கு நான் முகம் சுளிப்பது அழகல்ல என்று ஒப்புக்கொண்டேன். சிரிப்பதானால் இப்போதே சிரித்துவிடு. இக்கடிதத்தின் முடிவில் உன்னிடம் ஒரு வேலை வாங்கவிருக்கிறேன்.

தொடக்கப் பகுதி தானாகவே எழுதிக்கொண்டது. இலங்கைக்கு மெதடிஸ்தம் வந்த கதையைவிடப் பரிதாபமான தொடக்கம் எந்த மிசனுக்காவது இருந்திருக்குமா என்று தெரியவில்லை. 1813 முடிந்து 1814 பிறக்கும் வேளையில் இங்கிலாந்திலிருந்து கப்பலேறிய கூட்டத்துக்குத் தலைவரான தோமஸ் கோக், மே 3 ஆம் திகதி காலையில் இந்தியப் பெருங்கடலின் நடுவே தமது அறையில் இறந்து கிடந்தார். பணத்துக்கும் அவரே பொறுப்பு, திட்டத்துக்கும் அவரே பொறுப்பு. இளைஞர்களான மற்றவர்கள் அவரைக் கடலில் அடக்கம் செய்துவிட்டு, பம்பாயில் ஓர் ஆங்கில வணிகரின் கடனுதவியைப் பெற்று, ஜூன் 29 இல் காலியில் கரையேறித் தங்களுக்குள் இடங்களைப் பகிர்ந்துகொண்டார்கள். லிஞ்சும் ஸ்குவான்சும் யாழ்ப்பாணம் வந்தார்கள். கடற்பயணத்திலேயே மனைவியை இழந்திருந்த வில்லியம் ஓல்ட் தனியாளாக மட்டக்களப்புக்குப் போய், பாடசாலைகளைத் தொடங்கி, ஓராண்டு நிறைவதற்குள், 1815 ஏப்பிரலில் காலமானார். பின்னர் அமெரிக்க மிசனார் வட்டுக்கோட்டை, தெல்லிப்பழைப் பக்கத்தையும் இங்கிலாந்துத் திருச்சபை மிசனார் நல்லூரையும் பிடித்துக்கொள்ள, வெஸ்லியன் மிசனார் எனப்பட்ட உங்கள் மெதடிஸ்தருக்கு யாழ்ப்பாணப் பட்டினமும் நம்முடைய வடமராட்சியும் வாய்த்தன. மற்றவர்களுக்குப் பனங்காணியும் நெல்வயலும் கிடைக்க, உங்கள் ஆட்களுக்கு உப்புக்காற்று கிடைத்தது என்று கட்டுரையில் எழுதினேன்; குருவானவர் அதைக் கோடிட்டு வைத்திருக்கிறார்.

பேர்சிவல் பகுதிக்கு வந்தபோதுதான் எனக்கு உற்சாகம் பிறந்தது. 1838 இல் அவர் இங்கே ஆரம்பித்த பாடசாலைதான் 1916 இல் மார்ஷல் ஹாட்லியின் பெயரைப் பெற்று நம் ஹாட்லிக் கல்லூரியானது என்பதை நமக்குக் காலைக் கூட்டத்தில் மனப்பாடம் செய்வித்தார்கள். ஆனால் யாழ்ப்பாணத்தில் அவரது மத்திய பாடசாலையில் 1847 இல் நடந்ததை நமக்கு யாரும் சொல்லவில்லை. ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவன் ஒருவனை அங்கே சேர்த்ததும், அவனோடு ஒரே வகுப்பில் இருக்கமாட்டோம் என்று உயர்சாதி மாணவர் பலர் வெளியேறினார்கள். அதே ஆண்டின் கடைசி நாளில் நாவலர் வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலில் தமது பிரசங்கத் தொடரைத் தொடங்கினார்; அடுத்த ஆண்டு சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். வாரந்தோறும் பிரசங்கம், அச்சிட்ட பாடநூல், வகுப்புப் பிரித்த பாடசாலை ஆகிய மூன்றையும் அவர் எங்கே பார்த்துப் பழகினார் என்று நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் சைவ மறுமலர்ச்சியின் பயிற்சிக்களம் உங்கள் மிசன் வீடுதான். இதை எழுதினால் எங்கள் கோவில் தர்மகர்த்தா என்னோடு பேசாமல் விட்டுவிடுவார் என்ற ஒரு நன்மையும் இருக்கிறது. பேர்சிவலோ பின்னர் மெதடிஸ்தத்தை விட்டு இங்கிலாந்துத் திருச்சபையில் சேர்ந்து, சென்னையில் பேராசிரியராகி, தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து, 1882 இல் ஏற்காட்டில் இறந்தார். ஆக, சபையின் மிகப் பெரிய பெயரும் சபையில் நிலைக்கவில்லை.

இங்கேதான் கட்டுரை தடைப்பட்டது. நம் நாட்டு மலர்களை நீ அறிவாய்: முன்னால் ஆசிச் செய்திகள், நடுவில் பாதிரிமாரின் வரிசை, பின்னால் நகைக்கடை விளம்பரம். மெதடிஸ்தத்தில் அந்த வரிசையை எழுதினால் அது முடியவே முடியாது, ஏனென்றால் சில ஆண்டுகளுக்கு மேல் எந்தக் குருவையும் ஓரிடத்தில் வைத்திருப்பது உங்கள் ஒழுங்கில் இல்லை. குருமார் வருகிறார்கள், தளபாடத்தை இறக்குகிறார்கள், தோட்டத்தில் வாழை நடுகிறார்கள், குலை தள்ளுமுன் மாற்றல் கடிதம் வந்துவிடுகிறது. அப்படியானால் சபை என்பது யார்?

இந்தக் கேள்வியோடு ஞானஸ்நானப் பதிவேட்டைத் திறந்தேன். திகதி, பிள்ளையின் பெயர், தாய் தந்தையர், வசிப்பிடம், தொழில், குருவின் ஒப்பம். ஒப்பம் வைத்த கைகள் அடிக்கடி மாறுகின்றன, குடும்பங்கள் மாறவில்லை. தொழில் என்ற பத்தியை மட்டும் மேலிருந்து கீழே வாசித்துக்கொண்டு போனால் ஊரின் கதை வந்துவிடுகிறது: உபதேசியார், ஆசிரியர், லிகிதர், பிறகு மலாயாப் புகையிரதப் பகுதியில் லிகிதர், பிறகு கொழும்பில் லிகிதர். இறுதிப் பக்கங்களில் பெயர்கள் ஐதாகிவிட்டன. இப்போது அந்தப் பதிவேட்டின் பிரதி கேட்டு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் குடிவரவு அலுவலகங்களில் காட்டுவதற்காகத்தான். உன் மருமகன் கேட்டதும் அதற்குத்தானே?

அந்தப் பதிவேட்டில் உன் அப்பம்மா ஒரேயொரு இடத்தில், தாயின் பெயராக மட்டும் வருகிறார். தொழில் பத்தியில் உன் அப்பப்பாவின் தொழில்தான் இருக்கிறது. வெள்ளைச் சேலையும் குடையுமாக ஒழுங்கை ஒழுங்கையாகப் போய், பாடசாலைக்கு விடப்படாத பெண்களுக்கு அடுப்படித் திண்ணையில் எழுத்தறிவித்த வேதப் பெண்களில் அவரும் ஒருவர் என்பதற்கு எழுத்தில் எந்தச் சாட்சியும் நான் காணவில்லை. என் ஆச்சிக்குத் தேவாரம் வாசிக்கத் தெரிந்தது உன் அப்பம்மாவால்தான். கிறிஸ்து வேதத்துக்கு மாறுவாள் என்று எண்ணி உன் அப்பம்மா கற்பித்த எழுத்தை என் ஆச்சி திருவாசகத்துக்குப் பயன்படுத்தினார். இருவரும் அதைப் பற்றி ஒருபோதும் சண்டையிட்டதாக நான் கேட்டதில்லை. அதேவேளை, உன் அப்பம்மா எந்த வீட்டின் அடுப்படிவரை போனார், எந்த வீட்டில் முற்றத்தோடு நிறுத்தப்பட்டார், எந்தக் குடிசைக்குப் போகவே இல்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். வேதக்கோவிலுக்குள் சாதி நுழையவில்லை என்று யாழ்ப்பாணத்தில் எந்தச் சபை சொன்னாலும் நான் நம்பமாட்டேன்.

அடுத்ததாக 1960. ஆண்டின் முதல் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் நடத்தும் உடன்படிக்கை ஆராதனைக்கு உன் அம்மாவோடு நானும் சில முறை வந்து பின்வாங்கில் இருந்திருக்கிறேன். ஜோன் வெஸ்லி 1755 இல் ஆரம்பித்து வைத்த வழக்கம் அது. இனி நான் எனக்குரியவன் அல்லேன் என்று தொடங்கி, உமக்காக என்னைப் பணியில் வைத்தாலும் சரி, உமக்காக ஒதுக்கி வைத்தாலும் சரி என்று போகும் அந்த மன்றாட்டைச் சபையார் எல்லாரும் எழுந்து நின்று சொல்வார்கள். அரசு உதவி பெறும் பாடசாலைகள் 1960 டிசம்பர் 1 ஆம் திகதி முதல் அரசினால் பொறுப்பேற்கப்பட்டன. 1961 ஜனவரி 1 ஞாயிற்றுக்கிழமை. கத்தோலிக்கர் பாடசாலைகளுக்குள்ளேயே தங்கியிருந்து எதிர்த்தார்கள். ஹாட்லியைத் தன் வாழ்வின் நோக்கமாகக் கருதிய உங்கள் சபையோ, அது கைவிட்டுப் போன ஒரு மாதத்தில், ஒதுக்கி வைத்தாலும் சரி என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறது. கட்டுரையின் நடுத்தூணாக நான் வைக்க விரும்புவது இந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான். குருவானவருக்கோ கல்லூரி அதிபர்களின் படங்கள் வேண்டும். அதிபர்களை நானும் மதிக்கிறேன். 1915 முதல் 1943 வரை தாமோதரம் அதிபர் இல்லாவிட்டால் ஹாட்லி ஹாட்லியாகியிருக்காது. ஆனாலும் அது கல்லூரி மலருக்குரிய செய்தி.

அதற்குப் பின்னுள்ளதை விரைவாகவே எழுதியிருக்கிறேன். 1964 இல் இலங்கை மெதடிஸ்தம் இங்கிலாந்தின் கையை விட்டுத் தன்னாட்சி பெற்றது. தென்னிந்தியாவில் உங்கள் மெதடிஸ்த உறவினர் 1947 இலேயே தென்னிந்தியத் திருச்சபையில் கரைந்துவிட்டார்கள். இங்கே 1972 இல் மற்றத் திருச்சபைகளோடு கைகூடவிருந்த ஐக்கியம் வழக்குகளில் சிக்கி நின்றதால்தான் நீங்கள் இன்றும் மெதடிஸ்தராக இருக்கிறீர்கள். 1984 இல் ஹாட்லியின் நூலகம் எரிந்ததையும், 1987 இன் வடமராட்சி இராணுவ நடவடிக்கையையும், 2004 இன் கடலையும் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவற்றையெல்லாம் சபைக்குள்ளிருந்து பார்த்தவர்கள் இப்போது ரொறொன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள்.

ஆகவே உன் வேலை இது. அப்பம்மாவைப் பற்றி உனக்குத் தெரிந்த யாவற்றையும் எழுதி அனுப்பு. எந்தத் தெருக்களுக்குப் போனார், சம்பளம் யார் கொடுத்தார், எந்தப் புத்தகத்தை வைத்துக் கற்பித்தார், யார் வீட்டில் தண்ணீர் குடித்தார். உன் அக்காவிடமும் கேள். அவளுக்கு உன்னைவிட ஞாபகசக்தி அதிகம். அறுவடைத் திருநாள் ஏலத்தைப் பற்றித் தனியாக ஒரு பக்கம் வேண்டும். உன் அப்பா ஒரு முட்டையைத் திரும்பத் திரும்ப ஏலத்துக்கே கொடுத்துச் சபைக்குப் பணம் சேர்த்ததை நானே எழுதிவிடுவேன். பூசணிக்காய் விவகாரத்தை மட்டும் நீ எழுது.

குருவானவருக்கு வரும் ஆண்டு மாற்றல் என்று இப்போதே பேச்சு அடிபடுகிறது. அவர் போய்விட்டால் வருகிறவர் மலரை முதலிலிருந்து தொடங்குவார். ஆகையால் தாமதிக்காதே. தைப்பொங்கலுக்கு முன் உன்னிடமிருந்து ஒன்றும் வராவிட்டால், பூசணிக்காய் விவகாரத்தை நானே, எனக்குத் தெரிந்த வடிவத்தில், உன் முழுப் பெயரோடு எழுதிக் கொடுத்துவிடுவேன்.

வீட்டாருக்கு என் அன்பைச் சொல்.

உன் பழைய வாங்குத் தோழன்