பௌர்ணமி ரைடு நண்பர்களே, நிலா நமக்கு டெயில் லைட் இல்லை

ஈசிஆரில், அதாவது சென்னையிலிருந்து தெற்கே போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், பௌர்ணமி ராத்திரி சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பும் எல்லோருக்கும்,

திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் போய்த் திரும்ப 80 கிலோமீட்டருக்கு மேல் உங்களோடு மிதிக்கிறவன்தான் இதை எழுதுகிறேன். ரைடை நிறுத்தச் சொல்லி எழுதவில்லை. முட்டுக்காடு பாலத்தில் ஏறும்போது உப்பங்கழி தகடு மாதிரி மின்ன, எல்லோர் பேச்சும் தானாக அடங்கி செயின் ஓடும் சத்தம் மட்டும் கேட்குமே, அதற்காகவே மாதம் முழுக்கக் காத்திருப்பேன்.

போன தடவை கோவளம் தாண்டி எனக்கு முன்னால் கருப்பு டீஷர்ட்டில் நம் ஆள் ஒருவர் போய்க்கொண்டிருந்தார். பின்னால் விளக்கு இல்லை. நிலவொளியில் அவர் முதுகு, சுற்றும் பெடல் எல்லாம் நன்றாகவே தெரிந்தது. எதிரே வந்த பஸ் ஹைபீம் அடித்துவிட்டுப் போனதுதான் தாமதம், ஆளையே காணோம். கண் தெளிவதற்குள் அவர் எதற்கோ வேகத்தைக் குறைத்திருக்கிறார், நான் பிரேக்கை அழுத்திப் பிடித்தும் என் முன் டயர் அவர் பின் டயரில் உரசி நின்றது. சைக்கிளில் போன எனக்கே இந்த நிலைமை என்றால் 80-ல் வருகிற காருக்கு?

வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள், முழுநிலவு தருவது ஏறக்குறைய கால் லக்ஸ், அவ்வளவுதான். தெருவிளக்கைத் தாண்டி இருபது முப்பது நிமிஷம் இருட்டில் ஓட்டியதால் நம் கண் அதற்குப் பழகியிருக்கிறது. தன் ஹெட்லைட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் டிரைவருக்கு அது பழகவே பழகாது, அவருக்கு அமாவாசையும் பௌர்ணமியும் ஒன்றுதான். கவனித்திருக்கிறீர்களா, ராத்திரி தெற்கே போகும்போது நிலா கடல் பக்கம், விடியுமுன் வடக்கே திரும்பும்போது மேற்கே, இரண்டு தடவையும் நமக்கு இடப்பக்கம். நம் நிழல் வலப்பக்கம் வண்டிகள் போகும் லேனில் நீளமாக ஓடிவரும். நமக்கு அவ்வளவு அழகாகத் தெரியும் அந்த நிழல், ஹெட்லைட் பட்டால் இருக்கிற இடம் தெரியாது.

அதனால் பின்னால் சிவப்பு விளக்கு இல்லாமல் யாரும் கிளம்ப வேண்டாம். பளிச்சென்ற ஃப்ளோரசன்ட் சட்டை போட்டிருக்கிறேன் என்பீர்கள், அது பகலுக்குத்தான். ராத்திரியில் வேலை செய்வது வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் ரிஃப்ளெக்டர் பட்டை, அதைக் கணுக்காலில் கட்டினால் மேலும் கீழும் ஆடுவதைப் பார்த்தே சைக்கிள் என்று டிரைவருக்குப் புரிந்துவிடும். முன் விளக்கும் வேண்டும், நடுரோட்டில் படுத்திருக்கும் கருப்பு மாட்டை நிலா காட்டித்தராது. அப்புறம், மூன்று பேராகப் பக்கத்தில் பக்கத்தில் பேசிக்கொண்டு போவதை உத்தண்டியோடு விட்டுவிடலாம்.

அடுத்த பௌர்ணமிக்கு நாலு டெயில் லைட் கூடுதலாக எடுத்து வருகிறேன். இல்லாதவர்கள் கிளம்புமுன் என்னிடம் கேட்டு வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள், திரும்பி வந்து கொடுத்தால் போதும்.