வஸ்திரம் போனால் போகட்டும்

கர்த்தருக்குள் அன்பான மகனுக்கு, அப்பா எழுதிக்கொள்வது.

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. நீ சித்தப்பாவிடம் எதற்காகப் பேசினாய் என்று நான் கேட்கப்போவதில்லை. அதற்காக இதை எழுதவும் இல்லை.

குடும்ப ஜெபத்தில் இப்போது இராஜாக்கள் முதலாம் புத்தகம் வாசிக்கிறோம். நேற்று 12-ஆம் அதிகாரம், ரெகொபெயாமின் கதை. "என் மகனே, பாவிகள் உனக்கு நயங்காட்டினாலும் நீ சம்மதியாதே" என்று நீதிமொழிகளில் எழுதிவைத்த சாலொமோனுக்குப் பிறந்தவன் அவன். பட்டத்துக்கு வந்தபோது அவனுக்கு வயது 41. ஆகையால் சின்னப் பையன், விவரம் தெரியாமல் செய்தான் என்று சொல்லவும் வழியில்லை. பாரமான நுகத்தை இலகுவாக்கும்படி ஜனங்கள் சீகேமில் வந்து கேட்டபோது, மூன்று நாள் தவணை வாங்கிக்கொண்டு, முதியோர் சொன்னதைத் தள்ளிவிட்டு, தன்னோடே வளர்ந்த வாலிபர் சொல்லிக்கொடுத்தபடியே தேள்களினாலே தண்டிப்பேன் என்று பேசினான். பத்துக் கோத்திரங்கள் கைவிட்டுப் போயின. அவன் அனுப்பிய வரி விசாரிப்புக்காரன் அதோராம் கல்லெறியுண்டு செத்தான். ராஜா இரதமேறி எருசலேமுக்கு ஓடினான். ஆலோசனை சொன்ன அந்தச் சிநேகிதரில் ஒருவனுடைய பேர்கூட வேதத்தில் இல்லை. அவர்களைப் பொல்லாதவர்கள் என்றும் அந்த அதிகாரம் சொல்லவில்லை, கவனித்தாயா? அவனுக்குப் பிடித்ததைச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

உன்னோடு தங்கியிருக்கிற பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை. போன கிறிஸ்மஸுக்கு வந்திருந்தபோது மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். ஆனாலும் இரவு இரண்டு மணிக்குத் திண்ணையில் மூன்று பேரும் போனைப் பார்த்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்ததை அம்மா கண்டாள். அவள் அதைப் பற்றி உன்னிடம் கேட்கவில்லை. என்னிடம் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

நம் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நீ. உனக்கு வேலை கிடைத்தபோது ஆலயத்தில் ஸ்தோத்திரக் காணிக்கை படைத்துவிட்டு, தலை நிமிர்ந்து நடந்து வந்தேன். அதே தெருவில் இப்போது சித்தப்பாவைக் கண்டால் என்ன பேசுவதென்று தெரியவில்லை.

யோசேப்பை நினைத்துக்கொள். எஜமான் போத்திபாரின் மனைவி பாவத்துக்கு இழுத்துப் பிடித்த வஸ்திரத்தை அவள் கையிலே விட்டு ஓடிப்போனான். அந்த வஸ்திரமே அவனுக்கு விரோதமான சாட்சியாகிச் சிறைக்கும் போனான். ஆனாலும் அதை மீட்க அவன் அந்த அறைக்குத் திரும்பவில்லை. விட்டதைப் பிடிக்கலாம் என்று எவன் சொன்னாலும் கேளாதே. போனது போகட்டும். மேலவீட்டுத் தாத்தாவின் வயல் எப்படிப் போனது என்று உனக்குத் தெரியும். போனது போகட்டும் என்றே மறுபடியும் எழுதுகிறேன்.

சித்தப்பாவுக்குச் சேரவேண்டியதை நான் கொடுத்துவிட்டேன். அவரிடம் அந்தப் பேச்சை எடுக்காதே. ஆலயத்து அசன விருந்துக்கு நாள் குறித்துவிட்டார்கள். லீவு கிடைத்தால் தனியாக வா. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அம்மாவைக் கூப்பிடு.

அன்புள்ள,
அப்பா