ஆக்சிலரேட்டரை மிதித்தால் மணல் வழிவிடாது

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் பாலைவன ஜீப் பயணம் பற்றி வந்த முழுப்பக்கக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். படங்களைக் குறை சொல்ல முடியாது. மணல்மேட்டின் உச்சியில் முன்சக்கரம் இரண்டும் அந்தரத்தில் நிற்க, பின்னால் மணல் புகை மாதிரி எழும்பும் அந்தப் பெரிய படத்தைப் பார்த்தால் யாருக்கும் உடனே சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பத் தோன்றும். பதினைந்து வருடமாக இந்தப் பைத்தியம் பிடித்து அலைகிற எனக்கே தோன்றியது. ஆனால் கட்டுரைக்கு நடுவில் தடித்த எழுத்தில் ஒரு வரி போட்டிருந்தீர்கள், மணலில் என்ன ஆனாலும் ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுக்காதீர்கள் என்று. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

அந்த வரி பாதி சரி. பொலபொலவென்ற மணலில் ஏற்றம் ஏறும்போது ஓட்டத்தை விட்டுவிட்டால் வண்டி அங்கேயே உட்கார்ந்துவிடும், உண்மைதான். மீதிப் பாதிதான் ஆளைக் கொல்வது. 'என்ன ஆனாலும்' என்றால், சக்கரம் ஒரே இடத்தில் சுற்றும்போதும் மிதி, மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாதபோதும் மிதி என்றுதானே புதிதாகப் போகிறவர் எடுத்துக்கொள்வார்? என் முதல் பயணத்தில் நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

நான்கு வண்டிகள் போனோம். பெரிய இன்ஜின், ஃபோர் வீல் டிரைவ், புது டயர் என்று எல்லாம் இருந்த என் வண்டிதான் முதலில் மாட்டியது, அதுவும் மேட்டில் இல்லை, பார்க்க ஒன்றுமே இல்லாத ஒரு சமதரையில். வேகம் குறைந்தது, மிதித்தேன். இன்னும் குறைந்தது, இன்னும் மிதித்தேன். இன்ஜின் அலறியதே தவிர வண்டி நகரவில்லை, சன்னல் மட்டும் மெதுவாகத் தரையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. கிளட்ச் கருகும் வாசனை வந்த பிறகுதான் காலை எடுத்தேன். கதவைத் திறந்தால் அதன் அடிப்பகுதி மணலைச் சீவியது. நான்கு சக்கரமும் பாதிக்கு மேல் உள்ளே, ஆக்சில் தரையில் படுத்திருந்தது.

எங்களோடு வந்த பெரியவர் ஒருவர் அவசரப்படாமல் நடந்து வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "இறங்கிட்டீங்களா தம்பி, நல்லது, இனிமே ஏறாதீங்க" என்றார். அப்புறம் பின்சக்கரத்தின் அருகே மண்டியிட்டு, வால்வு மூடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சாவி நுனியால் வால்வின் நடு ஊசியை அழுத்திப் பிடித்தார். காற்று சீறிக்கொண்டு போனது. வாய்க்குள் எண்ணிக்கொண்டே இருந்தவர் நடுவில் ஒருமுறை நிறுத்தி, காற்றழுத்தம் காட்டும் கேஜ் வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி அழுத்தினார். நான்கு டயருக்கும் அப்படியே. பிறகு கையாலேயே சக்கரத்துக்குப் பின்னால் இருந்த மணலைத் தள்ளச் சொன்னார். முன்னால் இல்லை, பின்னால். வந்த தடம் ஏற்கெனவே அழுந்தியிருக்கிறது, அதிலேயே திரும்பிப் போவதுதான் சுலபம் என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. ரிவர்ஸ் போட்டு, கிளட்சை விட்டேன், வண்டி ஏதோ தார்ச்சாலையில் நிற்பது போலப் பின்னால் போனது. ஆக்சிலரேட்டரை நான் தொட்டதாகக் கூட நினைவில்லை.

சாலையில் 35 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் வரை வைக்கிற டயரை மணலில் 15 முதல் 18 வரை இறக்குகிறோம், மாட்டிக்கொண்டால் இன்னும் கொஞ்சம். காற்றை இறக்கினால் டயர் அகலமாகிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அகலம் கொஞ்சம்தான் கூடும், தரையில் படுகிற நீளம்தான் நிறையக் கூடும், டயர் கிட்டத்தட்ட ஒரு டாங்கியின் சங்கிலிப் பட்டை மாதிரி ஆகி மணலைத் தோண்டாமல் மேலே மிதக்கும். எடை அதே எடைதான், அது பரவுகிற இடம் பெரிதாகிறது, அவ்வளவே. இதற்கு விலையும் உண்டு. இறக்கிய டயரோடு வேகமாகப் போய்ச் சட்டென்று திருப்பினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும், 12-க்குக் கீழே போனால் அந்த பயம் இன்னும் அதிகம். தார்ச்சாலைக்கு வந்ததும் கம்ப்ரசர் வைத்து மறுபடி அடிக்காமல் வேகம் எடுத்தால் பக்கச் சுவர் சூடேறி வெடிக்கும். முழுப்பக்கக் கட்டுரையில் குதிரைசக்தி ஐந்து இடத்தில் வருகிறது, டயர் காற்று ஓர் இடத்தில்கூட வரவில்லை. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. ரால்ஃப் பேக்னால்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர் 1920-களின் கடைசியிலும் 30-களிலும் லிபியப் பாலைவனத்தின் மணற்கடலுக்குள் ஃபோர்டு மாடல் டி, மாடல் ஏ வண்டிகளில் போனார். அவற்றில் ஃபோர் வீல் டிரைவே கிடையாது, இன்றைக்கு ஒரு சின்னக் காருக்கு இருக்கும் சக்திகூட இல்லை. டயரில் காற்றைக் குறைத்தார், மாட்டிக்கொண்டால் சக்கரத்துக்கு அடியில் போட இரும்புத் தகடுகளைக் கொண்டுபோனார். இரும்பு வண்டிக்குள் காந்த முள் சரியாகக் காட்டாது என்று சூரிய நிழலை வைத்துத் திசை பார்க்கும் கருவியைப் பயன்படுத்தினார். எனக்கு மிகவும் பிடித்தது அவருடைய ரேடியேட்டர் ஏற்பாடு. கொதித்து வெளியேறும் நீராவியை ஒரு குழாய் வழியாகத் தண்ணீர் டப்பாவுக்குள் விட்டார், வண்டியைக் காற்றுக்கு எதிராகத் திருப்பி நிறுத்தினால் இன்ஜின் ஆறி, குளிர்ந்த நீர் தானாகவே ரேடியேட்டருக்குத் திரும்ப உறிஞ்சப்படும். நிறுத்தத் தெரிந்தவருக்குத் தண்ணீர் மிச்சம்! இரண்டாம் உலகப் போரில், 1940-இல் எகிப்தில் அவர் உருவாக்கிய நெடுந்தூரப் பாலைவனப் படை வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் இதே வித்தைகளோடுதான் ஓடியது.

சரி, மேட்டு உச்சிக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் படம் அங்கேதான் எடுக்கப்பட்டிருக்கிறது. காற்று வரும் பக்கம் மணல்மேடு சாய்வாக, கெட்டியாக இருக்கும். மறுபக்கம் அப்படி இல்லை, உச்சியில் இருந்து சரிந்து விழுந்த மணல், 30 டிகிரிக்கும் மேலான சரிவு, அழுத்தமே இல்லாதது. கீழே இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி தெரியும், அதிலும் நடுப்பகலில் நிழலே விழாதபோது மேடு எது பள்ளம் எது என்றே தெரியாது. காலை எடுக்காமல் ஏறினால் என்ன ஆகும்? ஒன்று, வண்டி பறந்து மூக்கு குத்தி விழும், முன்பக்க அச்சோ முதுகெலும்போ ஏதாவது ஒன்று முறியும். இரண்டு, அந்தப் பக்கத்தில் இருந்து இன்னொருவர் இதே கட்டுரையைப் படித்துவிட்டு ஏறிவந்துகொண்டிருப்பார்.

ஆஸ்திரேலியாவின் சிம்ப்சன் பாலைவனத்தில் ஒன்றை ஒட்டி ஒன்றாக 1,100 மணல்மேட்டு வரிசைகள் வரை இருக்கின்றன, அங்கே ஒவ்வொரு வண்டியிலும் உயரமான கம்பத்தில் பளிச்சென்ற கொடி கட்டியாக வேண்டும் என்பது விதி. எதிரே வருகிறவருக்கு வண்டி தெரிவதற்கு முன் கொடி தெரிய வேண்டும், அவ்வளவுதான் காரணம். கோடையில், டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை, அங்குள்ள தேசியப் பூங்காவையே மூடிவிடுகிறார்கள். நாங்கள் செய்வது இதுதான்: தெரியாத உச்சி என்றால் கீழேயே நிறுத்திவிட்டு ஒருவர் நடந்து ஏறிப் பார்ப்பார். மூச்சு வாங்கும், செருப்புக்குள் மணல் சுடும், ஐந்து நிமிடம் போகும். பிறகு ஏறும்போது உச்சிக்குக் கொஞ்சம் முன்பே காலைத் தளர்த்தி, வண்டி தன் எடையிலேயே முகட்டைத் தாண்டி நேராக இறங்கும்படி விடுவோம். நேராக என்பது முக்கியம். சரிவில் பயந்துபோய் பக்கவாட்டில் திருப்பியவர்களின் வண்டிதான் உருளும். வண்டியின் பின்பகுதி ஒரு பக்கமாக நழுவ ஆரம்பித்தால் பிரேக்கைத் தொடாமல், கீழ்நோக்கித் திருப்பி லேசாக ஆக்சிலரேட்டர் கொடுக்க வேண்டும், அங்கே மட்டும் கட்டுரையாளரோடு எனக்குச் சண்டை இல்லை.

கட்டுரையில் கடைசியில் ஒரு பத்தி, மாட்டிக்கொண்டால் நண்பரின் வண்டியில் கயிற்றைக் கட்டி 'ஒரே இழுப்பில்' வெளியே வரலாம் என்று சொல்கிறது. பாலைவனப் பயணங்களில் எனக்கு மணலைவிடப் பயம் இந்த ஒரே இழுப்புதான். மீட்புக்கு இழுக்கும் பட்டை ரப்பர் போல நீள்வதற்காகவே செய்யப்பட்டது, நீளும்போது அதில் சேரும் விசை எங்காவது போயாக வேண்டும். டிரெய்லர் மாட்டுகிற அந்த உருண்டைக் கொக்கியில், டோ பாலில் அதை மாட்டி இழுத்தால் உருண்டை முறிந்து பீரங்கிக் குண்டு மாதிரி கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு வரும். இப்படி ஓட்டுநர் இருக்கையிலேயே இறந்தவர்கள் இருக்கிறார்கள். ஒருமுறை எங்கள் குழுவோடு சேர்ந்துகொண்ட இளைஞர் ஒருவர் அதைத்தான் செய்யப் போனார், பட்டையை மாட்டிவிட்டு உற்சாகமாகக் கட்டை விரலைக் காட்டினார், நடுவில் அவருடைய தம்பி செல்போனில் படம் எடுத்துக்கொண்டு நின்றான். நான் கத்திய கத்தில் எனக்கே தொண்டை கட்டிவிட்டது. அவருக்குக் கோபம், பாதி நாள் என்னோடு பேசவில்லை. பரவாயில்லை. வண்டியின் அடிச்சட்டமான சேசிஸோடு சேர்த்துப் போல்ட் போட்ட, இழுப்பதற்கென்றே தந்திருக்கும் கொக்கியில்தான் மாட்ட வேண்டும், சுற்றி நிற்கிறவர்கள் பட்டையின் நீளத்தைவிட அதிக தூரம் தள்ளிப் போக வேண்டும். அதற்கும் முன்னால் மண்வெட்டியை எடுக்க வேண்டும். பத்து நிமிடம் தோண்டினால் பாதிக்கும் மேற்பட்ட வண்டிகளுக்குக் கயிறே தேவைப்படாது, என் அனுபவத்தில்.

பாறைத் தடம் வேறு கதை, அங்கே அவசரம் உடனே தண்டனை வாங்கிவிடும் என்பதால் சொல்லாமலே எல்லோரும் மெதுவாகப் போகிறார்கள். வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் லோ ரேஞ்சில், முதல் கியரில், நடக்கிற வேகத்தில். ஒரே ஒரு விஷயம், கல்லை இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் விட்டுத் தாண்டப் பார்க்காதீர்கள், அச்சின் நடுவில் தாழத் தொங்கும் பல்சக்கரப் பெட்டி, அதாவது டிஃப்ரன்ஷியல், அதில்தான் போய் இடிக்கும். சக்கரத்தைக் கல்லின் மேலேயே ஏற்றுங்கள்.

இறங்கிப் பார்க்கச் சொல்கிற நானே இறங்கி நடக்காதே என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. வண்டி பழுதாகி நின்றுவிட்டால், உதவி தேடி நடந்து போகாதீர்கள். வானத்தில் இருந்து தேடுகிறவருக்கு வண்டி தெரியும், மனிதன் தெரிய மாட்டான். வண்டியில் நிழல் இருக்கிறது, கண்ணாடி இருக்கிறது, எரித்தால் கரும்புகை விடும் ஸ்டெப்னி டயர் இருக்கிறது. அமெரிக்காவின் டெத் வேலியில் 1913-இல் பதிவான 56.7 டிகிரி செல்சியஸ் இன்றுவரை உலகச் சாதனை, அதுவும் நிழலில் அளந்த காற்றின் வெப்பம், காலுக்கு அடியில் இருக்கும் மணலின் வெப்பம் இல்லை. ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் தண்ணீர் என்பது குறைந்தபட்சம், நாங்கள் திட்டமிட்ட நாளுக்கு மேல் இரண்டு நாளுக்கான தண்ணீர் வைத்துக்கொள்கிறோம், அதுவும் ஒரே கேனில் இல்லை. டீசலும் அப்படித்தான், மணலில் சாலையைவிட ஒன்றரை மடங்கு குடிக்கும். செல்போன் கோபுரத்தை நம்பாமல் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி ஒன்றாவது குழுவில் இருக்கட்டும்.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். 'தடமே இல்லாத இடத்தில் உங்கள் தடத்தைப் பதியுங்கள்' என்று தலைப்பிலேயே போட்டிருக்கிறீர்கள். நகரும் மணலில் பதிந்த தடத்தைக் காற்று ராத்திரியோடு அழித்துவிடும், அது வேறு. ஆனால் பாலைவனம் முழுக்க மணல் இல்லை. கெட்டித் தரையில் கறுத்த பொருக்கு மாதிரி ஒன்று படிந்திருக்கும், பாசியும் நுண்ணுயிரும் சேர்ந்து மண்ணைக் கட்டிப்பிடித்து வைத்திருக்கிற தோல் அது. ஒரு டயர் ஒரு முறை ஏறினால் நொறுங்கிவிடும், மறுபடி வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் இரண்டாம் உலகப் போரின்போது, 1942-இல் அமெரிக்க ஜெனரல் பேட்டன் தொடங்கிய பயிற்சி முகாமில் ஓடிய டாங்கிகளின் தடங்கள் இன்றைக்கும் தெரிகின்றன. போரும் முடிந்தது, அவரும் போய்விட்டார். அதனால் ஏற்கெனவே இருக்கும் தடத்தில்தான் ஓட்ட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

அடுத்த ஞாயிறு இரண்டாம் பகுதி வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள், கட்டாயம் படிப்பேன். அதற்கு முன் கட்டுரையாளரிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். அந்தப் பெரிய படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், வண்டியின் டயர் நான்கும் காற்று நிறைந்து விறைப்பாக இருக்கின்றன, வயிறு மேட்டு முகட்டில் உட்கார்ந்திருக்கிறது, முன்சக்கரம் இரண்டோடு ஒரு பக்கப் பின்சக்கரமும் தரையைத் தொடவில்லை. படம் எடுத்து முடித்த பிறகு அந்த வண்டியை எப்படிக் கீழே இறக்கினார்கள்?